இருபது லிட்டருக்கு எத்தனை உயிர்?

பீரைப் பற்றிச் சங்க மலருக்கு ஒரு கட்டுரை தருகிறேன் என்று நான் சொன்னபோது மலர்க் குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். "பொங்கல் இருக்கிறது, தில்லிக் குளிர் இருக்கிறது, விடுதிச் சாப்பாடு இருக்கிறது, வேறு பொருளா கிடைக்கவில்லை?" என்றார் செயலாளர். குடியைப் பற்றி எழுதப் போவதில்லை, அதற்குள் குடியிருக்கும் உயிர்களைப் பற்றித்தான் எழுதுவேன் என்று வாக்களித்த பிறகே இடம் ஒதுக்கினார்கள். பீரை நான் நாக்கில் வைத்தவள் அல்லள். ஆனால் அதைப் புளிக்கவைக்கும் ஈஸ்டை ஐந்து ஆண்டுகளாக நாள்தோறும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். எண்ணுவது என்றால் நினைத்து உருகுவதன்று. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது.

சர்க்கரை ஆலைகளில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் மொலாசஸ் பாகை ஈஸ்டைக் கொண்டு எரிசாராயமாக்குவது என் ஆராய்ச்சி. பெட்ரோலில் கலக்கிறார்களே, அதுதான். மாயவரத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் இந்த விளக்கம் எடுபடவில்லை. சாராயம் என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் என் அத்தை, "கள்ளுக்கடைப் படிப்புப் படித்த பெண்ணை எவன் கட்டிக்கொள்வான்?" என்று கேட்டுவிட்டாள். அம்மா, யார் விசாரித்தாலும் "மருந்து சம்பந்தமான படிப்பு" என்று சொல்லிச் சமாளித்து வருகிறாள். இவர்கள் பேச்சில் எனக்கு வருத்தமில்லை. அண்ணனுடைய மௌனத்தில்தான் வருத்தம். அப்பா தவறியபோது நான் ஒன்பதாம் வகுப்பு. அதன்பின் பள்ளிச் சம்பளத்திலிருந்து தில்லி ரயில் டிக்கெட் வரையில் எல்லாம் அண்ணன் பணம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்து மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. எம்.எஸ்ஸி. முடித்ததும் நான் வேலைக்குப் போவேன் என்று எதிர்பார்த்திருந்தார். நான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். "புளித்த மாவுக்கு டாக்டர் பட்டமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அதற்குப் பிறகு, உதவித்தொகை தாமதமாகும் மாதங்களில் பணம் தவறாமல் வந்தது. படிப்பைப் பற்றி மட்டும் ஒரு கேள்வி வந்ததில்லை.

சென்ற கார்த்திகையில் ஒருநாள் இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். நலம் விசாரிக்கவில்லை. "ஏண்டி, ஈஸ்ட் செத்துப் போகுமா?" என்றார்.

விஷயம் இது. அண்ணன் ஓராண்டாக வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறாராம். (இந்த மலர் எங்கள் ஊருக்குப் போவதில்லை என்னும் தைரியத்தில் எழுதுகிறேன்.) இங்கிலாந்தில் சொந்த உபயோகத்துக்காக வீட்டில் பீர் காய்ச்ச 1963-ஆம் ஆண்டு முதல் உரிமமும் வரியும் வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1978-இல் சட்டம் செய்து அனுமதித்தார்கள். நம் நாட்டுக் கலால் சட்டங்கள் பெரும்பாலும் இதற்கு இடங்கொடா. ஆகவே விடுதி நண்பர்கள் இக்கட்டுரையைச் செய்முறைக் குறிப்பாகக் கொள்ளாமல் இருப்பது அவர்களுக்கும் நலம், எனக்கும் நலம்.

அண்ணனுக்கு இந்தக் கலையைக் கற்றுக்கொடுத்தவர் அண்டை வீட்டுக் கிழவர். மனைவியை இழந்து தனியே வாழ்பவர். அண்ணன் அந்த ஊருக்குப் போன முதல் குளிர்காலத்தில், வீட்டுக் குழாய் உறைந்து வெடித்த இரவில், தாமாக வந்து உதவிய மனிதர். அவருக்கு எண்பதாம் பிறந்தநாள் வருகிறது. அன்று வருகிறவர்களுக்கெல்லாம் என் கையால் காய்ச்சிய பீர் என்று அண்ணன் வாக்குக் கொடுத்துவிட்டார். கொஞ்சம் கனமான பீராக இருக்கட்டும் என்று மால்ட் சத்தைத் தாராளமாகக் கரைத்து, ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து ஆற்றி, 20 லிட்டர் சாறு தயார் செய்தார். ஹைட்ரோமீட்டரில் அடர்த்தி 1.060 காட்டியது. பால்காரரை மிரட்ட நாம் பாலில் மிதக்கவிடுகிறோமே லாக்டோமீட்டர், அதன் உடன்பிறப்புதான் இது. பிறகு ஒரு பை திரவ ஈஸ்டை ஊற்றினார். கடையில் அந்தப் பையைப் பாதி விலைக்குக் கொடுத்தார்களாம். தயாரித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

மூன்று நாள் நுரையே எழவில்லை. நான்காம் நாள் எழுந்தது, சோம்பலாக. பன்னிரண்டாம் நாள் பார்த்தால் அடர்த்தி 1.030-இல் நின்றுவிட்டது. அதற்குக் கீழே இறங்க மறுத்தது. முகர்ந்தால் காயாத ஆப்பிளை நறுக்கினாற்போல வாடை. பிறந்தநாளுக்கு ஐந்து வாரம்.

"அதுதான் தானாகப் பெருகுகிற ஜந்துவாயிற்றே. ஒன்று நூறாகப் போகிறது. கொஞ்சம் ஊற்றினால் என்ன, நிறைய ஊற்றினால் என்ன?" என்று கேட்டார் அண்ணன்.

எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஆண்டுதோறும் வந்து சேரும் புதிய மாணவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இதற்குப் பாதி விடையை எங்கள் அம்மா புத்தகம் படிக்காமலே அறிந்திருக்கிறாள். மார்கழியில் பாலுக்கு உறை ஊற்றும்போது கரண்டி தாராளமாகச் சாயும். சித்திரையில் ஒரு சொட்டோடு நிற்கும். வீட்டு மோர் நாள்பட்டுப் புளித்துக் கிடந்தால் அதை ஊற்றமாட்டாள். பக்கத்து வீட்டில் போய் அன்றைய தயிர் ஒரு கரண்டி வாங்கி வருவாள். குளிருக்குத் தக்கபடி அளவு, அளவோடு உயிர்ப்பு. பீர் காய்ச்சுகிறவர்களின் கணக்கும் இதே இரண்டு தூண்களின்மேல்தான் நிற்கிறது. அவர்கள் ஈஸ்ட் இடுவதை உறை ஊற்றுவது என்றே நான் தமிழில் சொல்லி வருகிறேன்.

(இட்லி மாவு வேறு கதை. அதற்கு யாரும் உறை ஊற்றுவதில்லை. உளுந்தோடும் அரிசியோடும் வந்தவையே வேலை செய்கின்றன. அந்த மாவை உப்பச் செய்வதில் முக்கியப் பங்கு லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்னும் பாக்டீரியாவுக்கு என்று 1965-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. தை மாதத்தில் விடுதி மாவு பொங்காததற்கு ஈஸ்டைத் திட்டும் அன்பர்கள் கவனிக்கவும்.)

கணக்குக்கு வருகிறேன். 100 கிராம் சாற்றில் எத்தனை கிராம் சர்க்கரைச் சத்து இருக்கிறதோ அத்தனை டிகிரி பிளேட்டோ என்பது பீர் உலகத்து அளவு. 1.060 என்றால் ஏறக்குறைய 15 டிகிரி. ஏல் எனப்படும் வகை, 20 டிகிரி செல்சியஸை ஒட்டிய உஷ்ணத்தில் புளிப்பது. அதற்கு ஒரு மில்லிலிட்டருக்கு, ஒரு டிகிரி பிளேட்டோவுக்கு, 7.5 லட்சம் உயிருள்ள ஈஸ்ட் செல்கள் என்பது வழக்கமான விதி. லாகர் 10 டிகிரி செல்சியஸ் அளவிலான குளிரில் புளிக்கிறது. அதற்கு இரு மடங்கு, 15 லட்சம். அம்மாவின் மார்கழிக் கரண்டி நினைவுக்கு வருகிறதா? அண்ணனுடைய ஏலுக்குக் கணக்குப் போட்டால் மில்லிலிட்டருக்கு 1 கோடியே 12.5 லட்சம், 20 லிட்டருக்கு 22,500 கோடி. ஒரு பை திரவ ஈஸ்டில், புதிதாக இருக்கும்போது, 10,000 கோடி செல்கள் உண்டு. குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் மாதத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு மடிகிறது என்று வைத்துக் கணக்கிடுவது வீட்டுப் பீர்க்காரர் வழக்கம். அப்படியானால் ஐந்து மாதப் பையில் எஞ்சியவை 3,300 கோடி. வேண்டியதில் ஏழில் ஒரு பங்கு.

இந்த எண்களைச் சொன்னபோது தொலைபேசியின் அந்தப் பக்கத்தில் அண்ணன் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. என் வாய்மொழியை அவர் குறிப்பெடுத்தது என் வாழ்நாளில் அதுவே முதல் தடவை.

"சரி, 3,300 கோடி பெருகி 22,500 கோடி ஆகிவிடாதா?" என்றார் மறுபடியும்.

ஆகும். அதற்கு மேலும் ஆகும். பெருகுவதற்கு என்ன விலை என்பதுதான் சங்கதி. ஈஸ்ட் செல்லின் மேல்தோல் நெகிழ்வாகவும் கெட்டியாகவும் இருப்பதற்கு ஸ்டெரால் என்னும் கொழுப்பு வகைப் பொருள் தேவை. அதைச் செய்துகொள்ளப் பிராணவாயு வேண்டும். ஆறின சாற்றைக் குலுக்கிக் காற்றேற்றினால் கரையும் பிராணவாயு லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவுதான். அதையும் ஈஸ்ட் முதல் சில மணி நேரத்துக்குள் உறிஞ்சித் தீர்த்துவிடும். அதன் பிறகு புதுச் சம்பாத்தியம் இல்லை. இருக்கும் ஆஸ்தியைத்தான் பிரிக்க வேண்டும். தாய் செல் அரும்பு விட்டு மகளைப் பெறும்போது ஸ்டெராலும் இரண்டாகப் பாகம் பிரிகிறது. உரிய அளவு ஊற்றியிருந்தால், ஈஸ்ட் இரண்டு தடவைக்குச் சற்றுக் கூடுதலாக இரட்டித்தால் போதும், வேலை முடிந்துவிடும். ஏழில் ஒரு பங்கை ஊற்றியவருக்கு அதே கூட்டத்தை எட்ட ஐந்து இரட்டிப்பு வேண்டும். முப்பத்திரண்டு பேருக்குப் பங்கு போட்ட நஞ்சை நிலத்தைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டாம். அப்படிப் பிறந்த கடைசித் தலைமுறைக்குத் தோல் வலுவில்லை. சாற்றில் சாராயம் ஏறுவதைத் தாங்க முடியாமல் முடங்குகிறது. பாதி வழியில் பீர் நின்றுபோவது இதனால்தான்.

வாடைக்கும் காரணம் உண்டு. பச்சை ஆப்பிள் மணம் அசிட்டால்டிஹைடு என்னும் பொருளுடையது. சர்க்கரை சாராயமாகும் வழியில் கடைசிப் படிக்கு முந்திய படி அது. திடகாத்திரமான ஈஸ்ட் அதையும் விடாமல் முடித்துவைக்கும். களைத்த ஈஸ்ட் படியிலேயே விட்டுவிட்டு உட்கார்ந்துவிடும். மட்டுமீறிப் பெருகும் ஈஸ்ட், தொண்டையில் சுருக்கென்று ஏறும் வேறு சில கனமான ஆல்கஹால்களையும் கூடுதலாக உண்டாக்கும். போதாக்குறைக்கு, நுரை எழாத அந்த மூன்று நாளும் வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீர் காவலற்றுக் கிடக்கிறது. வழிப்போக்கு பாக்டீரியாக்களுக்கு அது அன்னசத்திரம். அளவுக்கு மிஞ்சி ஊற்றினாலும் பயனில்லை என்பதையும் சொல்லவேண்டும். பெருகவே இடமில்லாமல் போனால் பீரில் மணம் குன்றும், புதுச் செல்களும் பிறக்கா. ஆனால் வீட்டில் காய்ச்சுகிறவர்கள் அந்தப் பக்கம் தவறுவது அரிது. ஈஸ்டுக்குக் காசு கொடுக்க வேண்டுமே!

எம்.எஸ்ஸி. வகுப்பில் எங்கள் பேராசிரியர் இதைக் கண்ணால் காட்டினார். ஒரே மால்ட் சாறு, மூன்று குடுவை. ஒன்றில் மில்லிலிட்டருக்கு 10 லட்சம், அடுத்ததில் 50 லட்சம், மூன்றாவதில் 1 கோடி. மூன்றாவது மறுநாள் காலையில் நுரைத் தொப்பி போட்டுக்கொண்டு நின்றது. முதலாவது அன்று இரவுதான் கண் விழித்தது. ஒரு வாரம் கழித்து மூன்றையும் முகர்ந்து பார்க்கச் சொன்னார். வகுப்பில் இருந்த பதினெட்டுப் பேரும், லேபிளைப் பாராமலே, முதல் குடுவையைத் தள்ளி வைத்தோம்.

ஈஸ்ட் என்பது உயிர் என்றே தெரியாத காலத்திலும் மனிதர்கள் நல்ல பீர் செய்துதான் இருக்கிறார்கள். பவேரியாவில் 1516-இல் பிறந்த புகழ்பெற்ற பீர்ச் சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் என்று மூன்றைத்தான் சொல்லிற்று. ஈஸ்டைப் பற்றிப் பேச்சில்லை. முந்தைய பீரின் வண்டலை அள்ளி அடுத்ததில் ஊற்றினார்கள். பழந்தயிரிலிருந்து புதுத்தயிர் போல. அப்படி ஊற்றும்போது அளவு குறைவதற்கு வழியே இல்லை, வண்டலில் கோடானுகோடி. பாஸ்டர் 1876-இல் பீரைப் பற்றித் தனி நூலே எழுதி, கெட்ட பீருக்குக் காரணம் அயல் நுண்ணுயிர்கள் என்று விளக்கினார். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883-இல் ஒரே செல்லிலிருந்து தூய ஈஸ்டை வளர்த்துக் காட்டினார். அந்தத் தூய ஈஸ்டை அந்த நிறுவனம் பூட்டி வைக்காமல் பிறருக்கும் கொடுத்தது. தூய்மை வந்தது, பின்னாளில் அது பையிலும் பொட்டலத்திலும் அடைபட்டுக் கடைக்கும் வந்தது. வண்டலை அள்ளி ஊற்றிய காலத்தில் இல்லாத கவலை, எத்தனை உயிர் என்ற கவலை, அந்தப் பொட்டலத்தோடு சேர்ந்து வந்தது.

அண்ணனுடைய பீருக்கு வருகிறேன். அவர் முதலில் நினைத்தது பாத்திரத்தை நன்றாகக் குலுக்கிக் காற்றேற்றுவது. கூடவே கூடாது என்றேன். பிராணவாயு புளிப்பதற்கு முன்னே அமுதம். பாதி புளித்த பிறகு அதுவே பீரை ஊசிப்போகச் செய்யும். இன்னொரு பை வாங்கி அப்படியே ஊற்றுவதும் வீண். உள்ளே ஏற்கெனவே 4 சதவீதம் சாராயம் இருக்கிறது. தூக்கத்திலிருந்து எழுந்த ஈஸ்டை நேரே அதில் தள்ளினால் அது அங்கேயே மறுபடி படுத்துக்கொள்ளும். ஆகவே இப்படிச் சொன்னேன்: புதிய உலர்ந்த ஈஸ்ட் ஒரு பொட்டலம் வாங்குங்கள், தேதியைப் பார்த்து. அதன் எடையைப் போல் பத்து மடங்கு வெந்நீரில், கை பொறுக்கும் சூட்டில், 30, 35 டிகிரி போதும், ஊறவையுங்கள். 100 கிராம் மால்ட் சத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றி, அதில் இதை விட்டுக் குலுக்குங்கள். அது நன்றாகப் பொங்கி உச்சியில் நிற்கும் நேரம் பார்த்துப் பெரிய பாத்திரத்தில் சேருங்கள். பாத்திரத்தைச் சமையலறைக்குள் கொண்டுவந்து 21 டிகிரியில் வையுங்கள்.

"குழந்தைக்குக் கஞ்சி கொடுக்கச் சொல்வதுபோல் சொல்கிறாயே" என்றார்.

நான்கு நாள் செய்தி இல்லை. ஐந்தாம் நாள் 1.024. ஒன்பதாம் நாள் 1.017, அங்கே நின்றது, நிற்க வேண்டிய இடத்துக்கு மிக அருகே. ஆப்பிள் வாடை அநேகமாகப் போய்விட்டது. புட்டியில் அடைத்து இரண்டு வாரம் வைத்துப் பிறந்தநாளுக்குத் தூக்கிக்கொண்டு போனார். கிழவர் ஒரு கோப்பை முழுவதும் குடித்துவிட்டு, "தொண்டையில் கொஞ்சம் சூடு, ஈஸ்டைப் பட்டினி போட்டாயா?" என்று கேட்டாராம். முதல் வாரத்தில் உண்டான கனமான ஆல்கஹால் பின்னால் வந்த ஈஸ்டுக்கு அடங்குவதில்லை. அதை அறுபது ஆண்டு அநுபவம் நாக்கால் கண்டுபிடித்துவிட்டது. ஆனாலும் இரண்டாவது கோப்பை கேட்டாராம். அண்ணன் அதை என்னிடம் மூன்று தடவை சொன்னார்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் பேசுகிறார். அம்மா உடம்பு, ஊர் மழை எல்லாம் இரண்டு நிமிஷம்; மீதி ஈஸ்ட். எப்படி எண்ணுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டார். இரத்த அணுக்களை எண்ணுவதற்காக ஏற்பட்ட கண்ணாடித் தகடு ஒன்று இருக்கிறது; நடுவில் ஒரு மில்லிமீட்டர் சதுரம், அதற்குள் 25 கட்டம், ஆழம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே அந்தச் சதுரத்துக்குள் நிற்கும் திரவம் மில்லிலிட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்கு. கட்டங்களில் உள்ளவற்றை எண்ணிப் பதினாயிரத்தால் பெருக்கி, எத்தனை மடங்கு தண்ணீர் கலந்தோமோ அதனாலும் பெருக்கினால் விடை. அரும்பு விட்ட செல்லை ஒன்றாக எண்ணுவதா, இரண்டாக எண்ணுவதா என்று சந்தேகம் வரும். மகள் தாயில் பாதி அளவு வளர்ந்துவிட்டால் தனிக் குடித்தனம் என்பது எங்கள் வழக்கம். எண்ணுமுன் ஒரு சொட்டு மெத்திலீன் நீலம் விடவேண்டும். உயிருள்ள செல் அந்தச் சாயத்தை உள்ளே விட்டாலும் நிறமிழக்கச் செய்துவிடும். செத்த செல் நீலமாகவே நிற்கும். 100-க்கு 95 நிறமற்று இருந்தால் நிம்மதி. 90-க்குக் கீழே போனால் அந்த ஈஸ்டை நம்பி 20 லிட்டரை ஒப்படைக்க நான் துணியேன்.

முதல்முதல் அந்தத் தகட்டை நான் பார்த்தபோது கண் வலித்தது, தலை சுற்றியது. இப்போது நள்ளிரவில் ஆய்வுக்கூடத்தில் தனியே உட்கார்ந்து எண்ணும்போது அதைவிட நிம்மதியான வேலை வேறு இல்லை என்று தோன்றுகிறது. இதை அத்தையிடம் சொன்னால் புரியாது. அண்ணனிடம் சொன்னேன். "எக்ஸ்ரே இருட்டறையில் எனக்கும் அப்படித்தான் இருந்தது, எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறுவதற்கு முன்னால்" என்றார்.

போன மாதம் பழைய மைக்ராஸ்கோப் ஒன்றையும் எண்ணும் தகடு ஒன்றையும் விலைக்கு வாங்கிவிட்டார். சென்ற ஞாயிறு ஒரு படம் அனுப்பினார்: மங்கலான கட்டங்கள், அவற்றில் முத்து உதிர்த்தாற்போல வட்டங்கள், நடுநடுவே நீலம். கீழே, "மொத்தம் 212. நீலம் 19. ஊற்றலாமா?" என்று எழுதியிருந்தார். நூற்றுக்கு 91. இன்னும் இரண்டு இடத்திலிருந்து சொட்டு எடுத்து மறுபடி எண்ணச் சொல்லிப் பதில் எழுதியிருக்கிறேன்.